இன்மைக் கருதுகோளும் எங்கள் ஊர் சானடோரியமும்

கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில், குரோம்பேட்டையைக் கடந்து தாம்பரத்தை அடையுமுன், ஒரு சிறு நிலையத்தில் நிற்கும். தாம்பரம் சானடோரியம் என்பது அதன் பெயர். சிட்லப்பாக்கத்தில் குடியிருக்கும் நான், வங்கி உத்தியோகத்தில் இருந்த முப்பது வருஷ காலமும் அங்கேதான் காலையில் வண்டி ஏறி மாலையில் இறங்கினேன். சீட்டு வாங்கும்போது ஆயிரம் தடவை அந்தச் சொல்லை உச்சரித்திருக்கிறேனே தவிர, அதன் பொருளை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. விருப்ப ஓய்வு பெற்ற பின், ஐம்பத்தெட்டாம் வயதில் நான் படிக்க முற்பட்ட புள்ளியியல் பாடந்தான் அந்தப் பெயரின் அர்த்தத்தை எனக்கு விளங்கவைத்தது. அது எவ்வாறு என்று சற்று விஸ்தாரமாகச் சொல்லவே இந்தப் பதிவு.

சென்னை ஐஐடி 2020-ஆம் ஆண்டில் இணையவழியில் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. தரவு அறிவியல் என்பது பாடம். வயது வரம்பு கிடையாது. வாரந்தோறும் விரிவுரைகளைக் கேட்டு, ஒப்படைப்புகளைக் குறித்த நாளுக்குள் அனுப்பி, பரீட்சையை மட்டும் மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். இரவு சாப்பாடு முடிந்து, வீட்டார் படுத்த பிறகு, கூடத்து மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் கேட்பது என் நித்திய வழக்கமாயிற்று. நிகழ்தகவு, பரவல், மதிப்பீடு என்று ஒவ்வொரு படியாக ஏறி, இரண்டாம் புள்ளியியல் பாடத்தின் பிற்பகுதியில் கருதுகோள் சோதனை என்னும் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். அதுவரை படித்தவை கணக்குகள். இது அறிவுக்கு ஓர் ஒழுக்கம் கற்பிக்கும் சாஸ்திரம் என்பது இரண்டாவது விரிவுரை முடிவதற்குள்ளேயே எனக்குப் புலப்பட்டுவிட்டது.

அதன் சாரம் இதுதான். ஒரு மருந்து பலன் தருகிறது என்றோ, ஒரு முறை மற்றொன்றைவிட மேலானது என்றோ நாம் சொல்ல விரும்பும்போது, அந்த விருப்பத்துக்கு நேர் எதிரான கூற்றை, அதாவது 'பலன் ஏதும் இல்லை, வித்தியாசம் ஏதும் இல்லை, கண்டதெல்லாம் தற்செயல்' என்பதை, முதலில் உண்மையென்று வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். நாம் நிலைநாட்ட விரும்புவது மாற்றுக் கருதுகோள். நிரூபிக்கும் பாரம் முழுவதும் மாற்றுக் கருதுகோளின் தலையில்தான். இன்மைக் கருதுகோள் மெய்யாகவே இருக்கும் உலகத்தில், நாம் கண்ட அளவுக்கோ அதனினும் அதிகமாகவோ ஒரு விளைவு வெறும் தற்செயலால் நேரக்கூடிய நிகழ்தகவு என்ன என்று கணக்கிட வேண்டும், அதுவே பி-மதிப்பு. அது முன்கூட்டியே குறித்துவைத்த எல்லைக்கு, வழக்கமாக நூற்றில் ஐந்துக்கு, குறைவாயின் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம். குறையாவிட்டால், 'நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்கிறோம். 'இன்மைக் கருதுகோள் உண்மை என்று ஏற்றோம்' என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தின் நுட்பம் எனக்கு மனத்தில் தங்குவதற்குப் பல நாள் பிடித்தது.

இந்தச் சோதனையில் இரண்டு வகைப் பிழைகள் நேரக்கூடும். உண்மையான இன்மைக் கருதுகோளை நிராகரிப்பது முதல்வகை. பொய்யானதை நிராகரிக்காமல் விடுவது இரண்டாம் வகை. முதல்வகைப் பிழை என்றதும் என் மனம் சிலப்பதிகாரத்து மதுரைக்குத்தான் ஓடிற்று. கோவலன் நிரபராதி என்பதே பாண்டியன் நெடுஞ்செழியன் கொண்டிருக்க வேண்டிய இன்மைக் கருதுகோள். பொற்கொல்லன் ஒருவனுடைய வாய்மொழியைக் கேட்ட மாத்திரத்திலே அதை நிராகரித்துவிட்டான். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். சிலம்பை உடைத்துப் பார்ப்பது என்ற சோதனை தண்டனைக்கு முன்னும் அவன் கைக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது. ஆனால் தண்டனை முந்திக்கொண்டது. சோதனை பிந்தி வந்தது. சோதனைக்குப் பின்னரே தீர்ப்பு என்ற கிரமம் பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

படித்ததை ஒருமுறையேனும் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் தமது 1935-ஆம் ஆண்டு நூலில் ஒரு சீமாட்டியின் தேநீர்ச் சோதனையை விவரிக்கிறார். எங்கள் வீட்டில் தேநீருக்குப் பதில் காபி. எழுபத்தொன்பது வயதாகும் என் தாயார், சிக்கரி கலந்த காபியை ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவதாகப் பல வருஷமாகச் சொல்லிவருபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பித்தளை ஃபில்டரில் சிக்கரி இல்லாத தூளும் எவர்சில்வர் ஃபில்டரில் கலந்த தூளும் போட்டு இறக்கினோம். என் மனைவி சமையலறையில் சீட்டுக் குலுக்கி, வந்த வரிசைப்படி எட்டுச் சிறு டம்ளர்களில், வகைக்கு நான்காக, ஒரே அளவு பாலும் சர்க்கரையும் சேர்த்து ஊற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதி ஒட்டினாள். எது எது என்று அறியாத நான் அவற்றைக் கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். என் முகக்குறிகூட அம்மாவுக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? அம்மா ஒவ்வொரு டம்ளருக்கும் இடையில் வெந்நீரால் வாய் கொப்புளித்து, கண்களை மூடிக்கொண்டு, அவசரமின்றி ருசி பார்த்து, 'இந்த நாலும் சிக்கரி' என்று தனியே நகர்த்தி வைத்தார். அடியிலிருந்த எண்களைப் பார்த்தோம். மூன்று சரி, ஒன்று தவறு.

எட்டு டம்ளர்களிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. நான்கும் சரியாக அமைவது ஒரே வழி. மூன்று சரியாக அமைவது 16 வழிகள். ஆகவே, ருசியே அறியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், மூன்றோ அதற்கு மேலோ சரியாக அமைவதற்கு 70-இல் 17 பங்கு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ நூற்றில் 24. நான்கும் சரியாயிருந்தால் அது 70-இல் ஒன்று, நூற்றில் ஒன்றரைக்கும் குறைவு. இன்மைக் கருதுகோளை நிராகரித்திருப்பேன். இப்போது இயலாது. அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"ஒண்ணு தப்பினதுக்காக எனக்கு ருசியே தெரியாதுன்னு ஆயிடுமா? எட்டு டம்ளர்ல என்னடா தெரியும்? பத்து நாள் வெச்சுப் பாரு, அப்புறம் சொல்லு" என்றார் அம்மா.

பேராசிரியர் இரண்டு வாரமாகச் சொல்லி வந்ததை அம்மா மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார். ஆதாரம் போதாது என்பது வேறு, இல்லை என்பது வேறு. மாதிரியின் அளவு சிறிதாயின் மெய்யான வித்தியாசமும் கண்ணுக்குத் தப்பும். ஆகவே இன்னும் சேகரி என்பதே அதன் தாத்பரியம்.

இதன் பிறகுதான், பாடத்துக்கு உதாரணங்கள் தேடிப் படிக்கையில், சானடோரியம் என்ற சொல் என் எதிரே வந்து நின்றது. எங்கள் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த அந்த க்ஷயரோக, அதாவது காசநோய், விடுதியை 1928-ஆம் ஆண்டில் நிறுவியவர் டாக்டர் சௌரி முத்து. அவர் அதற்கு முன் இங்கிலாந்தில், மெண்டிப் மலைப் பிரதேசத்தில், அத்தகைய விடுதி ஒன்றை நடத்தியவர். 1917-ஆம் ஆண்டில், க்ஷயம் என்று கருதப்பட்ட நோயுடன் அங்கே சிறிது காலம் சிகிச்சை பெற்றவர் நம் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். அவருக்கு வந்தது க்ஷயமே அன்று, ஈரலைத் தாக்கிய அமீபா நோய் என்று பிற்காலத்து வைத்தியர் சிலர் வாதிட்டிருக்கின்றனர்; அது மெய்யானால், அங்கே நடந்ததும் முதல்வகைப் பிழையே. கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்குச் சினேகிதராயிருந்த பிரசாந்த சந்திர மகாலநோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஸ்தாபித்து, இந்தச் சாஸ்திரத்தை நம் தேசத்தில் வேரூன்றச் செய்தார். தாம்பரத்து விடுதியும் நான் படிக்கும் பாடமும் ஒரே மனிதரின் நட்பு வட்டத்தில் தொட்டுக்கொள்வதைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே எழுதிவைக்காமல் இருக்க முடியவில்லை. 1937-இல் சென்னை அரசாங்கம் அந்த விடுதியை ஏற்றுக்கொண்டது; இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அக்காலத்தில் க்ஷயத்துக்கு வைத்தியம் என்றால் சுத்தமான காற்று, பூரண ஓய்வு, சத்துள்ள ஆகாரம். மருந்து என்று ஒன்று வந்தபின் நிலைமை மாறிற்று. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-இல் வெளியிட்ட முடிவு, நோயாளிகளைத் தற்செயல் முறையில் பிரித்துச் சோதிக்கும் வழக்கத்துக்கே அடிகோலியது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர் 4 பேர். படுக்கையில் ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14 பேர். நான் கற்ற சூத்திரத்தில் இட்டுப் பார்த்தேன். மருந்தால் ஒரு பயனும் இல்லையென்றால் இவ்வளவு வித்தியாசம் தற்செயலால் வர ஆயிரத்தில் ஏழு பங்கே வாய்ப்பு. இங்கே இன்மைக் கருதுகோள் நிற்க இடமில்லை.

ஆனால் நம் ஊரில் எழுந்த வினா இதைவிடக் கடினமானது. மருந்து இருக்கிறது, நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், விடுதிகளின் படுக்கைகளோ அவர்களில் ஒரு சிறு பங்கினருக்கும் போதாதவை. மருந்தைக் கொடுத்து, நோயாளியை அவருடைய வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீட்டில், அரைவயிற்று ஆகாரத்துடன், வேலைக்குப் போக வேண்டிய நிர்ப்பந்தத்துடன்? இதைத் தீர்மானிக்க 1956-ஆம் ஆண்டில் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கைகோத்து நடத்திய மையம் அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் ஆரம்ப காலத்தில் முன்னின்று நடத்தியவர். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே.

சென்னையின் ஏழை எளியோரில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். வீடா, விடுதியா என்பதை வைத்தியரின் அபிப்பிராயமோ நோயாளியின் வசதியோ தீர்மானிக்கவில்லை, தற்செயலே தீர்மானித்தது. இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள், ஐசோனியாசிட்டும் பாஸ் என்னும் பாரா-அமினோசாலிசிலிக் அமிலமும். வீட்டிலிருந்தோரின் இல்லத்துக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டாரா என்று சரிபார்த்தார்கள். விடுதியிலிருந்தோருக்கு நல்ல ஆகாரமும் ஓய்வும் பணிவிடையும் கிடைத்தன; அவர்கள் எடையும் அதிகமாகக் கூடிற்று. 1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டில் நோய் அடங்கியோர், விடுதியில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86.

இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தேன். சேர்ந்தவர் எல்லோரும் இறுதிக் கணக்கில் வரவில்லையாதலால், பிரிவுக்குச் சுமார் எண்பது பேர் என்று கொண்டு கணக்கிட்டேன். வித்தியாசம் 6, தற்செயலால் அது ஊசலாடக்கூடிய அளவான திட்டப்பிழை ஏறத்தாழ 5, விகிதம் 1.2, பி-மதிப்பு நூற்றில் 23 அளவில் வந்தது. அம்மாவின் காபிச் சோதனையில் வந்ததும் ஏறத்தாழ அதுவே. நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை. 'அப்படியானால் வீடும் விடுதியும் ஒன்றே' என்று எழுதிவிடப் பேனா விரைந்தது. அம்மாவின் குரல் தடுத்தது. நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டேன். உண்மையான வித்தியாசம், வீட்டுக்குச் சாதகமாக நூற்றுக்கு 4 முதல் விடுதிக்குச் சாதகமாக நூற்றுக்கு 16 வரை எங்கேயும் இருக்கலாம் என்று அது காட்டிற்று. அந்த ஓர் எண்ணைக்கொண்டு மட்டும் ஒரு தேசத்தின் வைத்திய முறையை மாற்றியிருந்தால் அது துணிச்சலேயன்றி விவேகம் ஆகாது.

அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகமாயிற்றா என்று பார்த்தார்கள், ஆகவில்லை. சோதனை சொல்லாததை வேறு சாட்சியங்களைக்கொண்டு நிறைவு செய்தார்கள். அதற்கும் மேலாக, இரண்டு பிழைகளின் விலையையும் அருகருகே வைத்து நிறுத்தார்கள். வீட்டு வைத்தியம் சிறிது குறைபாடுடையதாயிருந்து, நாம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், நூற்றில் சிலருக்கு மறுபடி சிகிச்சை வேண்டியிருக்கும். அது போதுமானதாயிருந்தும் விடுதியே வேண்டுமென்று நாம் பிடிவாதம் செய்தால், படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானோர் மருந்தே இன்றி மடிவார்கள். பி-மதிப்பு இந்த நிறையைச் சொல்லாது. மனிதர்தாம் சொல்ல வேண்டும். சென்னையில் எடுத்த அந்த நிர்ணயத்தின் பின்னர், உலகெங்கும் க்ஷயரோகிகளை மாதக்கணக்கில் விடுதியில் அடைத்துவைக்கும் வழக்கம் படிப்படியாக நீங்கிற்று.

மாதிரி பெரிதாகும்போது மௌனம்கூடப் பேசும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே திருஷ்டாந்தம் உண்டு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், 1968-இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்து, பதினைந்து ஆண்டுகள் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அது தடுத்ததாகத் தெரியவில்லை. பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறது என்பதற்கு வேறு ஆதாரங்கள் இருப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. எட்டு டம்ளர்களில் கிடைத்த 'ஆதாரம் இல்லை' ஒன்று; இரண்டரை லட்சம் பேரிடம் கிடைத்த 'ஆதாரம் இல்லை' முற்றிலும் வேறு. வாக்கியம் ஒன்றேயாயினும் கனம் ஒன்றல்ல.

மறுநாள் மாலை, வாசல் திண்ணையில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கை சட்டென்று நின்றது. அவருக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, 1955 வாக்கில், அவருடைய பெரியப்பா எங்கள் ஊர் சானடோரியத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தாராம். இத்தனை காலம் அம்மா அதை என்னிடம் சொன்னதில்லை. பெரியப்பா தையல்காரர். அவர் போன பிறகு மிஷின் மீது ஒரு பழைய வேஷ்டியைப் போர்த்தி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்குப் பாத்திரத்தில் சாதம் எடுத்துக்கொண்டு ரயிலில் வருவார்கள். குழந்தைகளைக் கிட்டே விடமாட்டார்கள். தூரத்தில் மரத்தடியில் நின்று அவர் கையை அசைப்பார். அவர் குணமாகித் திரும்பி வந்தார். ஆனால் அதற்குள் கடனுக்கு மிஷின் போயிருந்தது. பெரிய பையன் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு மளிகைக் கடைக்குப் போயிருந்தான்.

"அங்கே நன்னாத்தான் பார்த்துண்டா. வீடுதான் தாங்கலை" என்றார் அம்மா. சற்றுப் பொறுத்து, "வீட்டுலேயே மாத்திரை சாப்பிட்டாப் போதும்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, பெரியப்பா அந்த ஒரு வருஷமும் எங்களோடயே இருந்திருப்பாரே" என்றார்.

"அப்போது யாருக்கும் தெரியாது, அம்மா. அடுத்த வருஷந்தான் அந்தச் சோதனையைத் தொடங்கினார்கள்" என்றேன்.

நான் ஒரு பாடமாக, ஒரு சூத்திரமாகப் படித்தது, அம்மாவுக்குச் சில வருஷங்களால் பிந்திப்போன விடையாக இருந்தது. இன்மைக் கருதுகோள், பிழை வகைகள், நிகழ்தகவு எல்லாம் சேர்ந்து கடைசியில் எதற்காக என்பதும் எனக்கு அப்போதுதான் தெளிவாயிற்று. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகப் பாவிக்காமல், எங்கள் வீட்டுக்கு எது நேர்ந்ததோ அது பிறர் வீட்டுக்கு நேராதிருக்க, யாரோ சிலர் பொறுமையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வேறு சிலர், தங்களுக்கு எந்த வைத்தியம் என்பதைத் தற்செயல் தீர்மானிக்கட்டும் என்று தங்கள் உடம்பையே அந்தக் கணக்குக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா கேட்டார்: "எத்தனை பேர்னு சொன்னே?"

"நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர், அம்மா."

அவர் அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "யாரு பெத்த பிள்ளைகளோ, நன்னா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கீரையை மறுபடி ஆயத் தொடங்கினார். சானடோரியம் நிலையத்தில் வண்டி நின்று புறப்படும் ஓசை கேட்டது.